மறுக்கத் தெரியாத கை

பவேரிய அரசர் இரண்டாம் லூட்விக்கின் நான்கு மாளிகைகளை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அதிலிருந்து அவற்றைக் கட்டியவர்களுக்காகவும் வாதாட ஆள் கிளம்பியிருக்கிறது. அவற்றில் ஒன்றான நொய்ஷ்வான்ஸ்டைனைப் பொம்மைக் கோட்டை என்று ஒதுக்கியவர்கள் தோற்றுவிட்டார்களாம். பழைய பாணிகளுக்குள் புதிய தொழில்நுட்பத்தைப் புகுத்திய கட்டடக்கலைஞர் கெயோர்க் டோல்மன் காலத்தை முந்தியவராம். பட்டியலில் சேர்த்ததை நான் குறை சொல்லவில்லை. ஒரு நூற்றாண்டின் மனநிலையை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டும் கட்டடங்கள் காக்கப்படத்தான் வேண்டும். காக்கத் தக்கதெல்லாம் நல்ல கட்டடக்கலை என்பதுதான் எனக்கு உடன்பாடில்லாதது.

டோல்மனின் கைத்திறனைப் பற்றிச் சண்டையில்லை. கட்டடக்கலைஞர் கிளென்ஸேயிடம் தொழில் பழகியவர். கிரேக்கமோ கோதிக்கோ ரொக்கோக்கோவோ, எதைக் கேட்டாலும் பிசிறில்லாமல் வரைந்து கொடுப்பார். அரசரின் தந்தை விட்டுச்சென்ற மரவீட்டோடு அறை அறையாகச் சேர்த்துக்கொண்டே போய் லிண்டர்ஹோஃப் மாளிகையை வளர்த்த விதம் அழகானது. பிரான்ஸின் வெர்சாய் மாளிகையில் 1752-இல் இடித்துத் தள்ளப்பட்ட தூதர் படிக்கட்டை ஹெரன்கீம்ஸே மாளிகையில் கண்ணாடிக் கூரையின் கீழ் மீண்டும் எழுப்பியதும் சாதனைதான். பழைய பாணியில் கட்டினார் என்பதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் வீண். அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் அப்படித்தான் கட்டியது.

என் குற்றச்சாட்டு வேறு. பாணியைக் கடன் வாங்கும் கட்டடக்கலைஞருக்குச் சொந்தமாக மிஞ்சுவது ஒன்றே: தீர்மானிக்கும் உரிமை. எதை எடுப்பது, எதை விடுவது, இந்த அறை யாருக்கு, இந்தக் கோபுரம் எதற்கு என்று கேட்கும் உரிமை. அதையும் டோல்மன் அரசரிடம் ஒப்படைத்துவிட்டார்.

நொய்ஷ்வான்ஸ்டைன் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். நாடக அரங்குகளுக்குக் காட்சித்திரை வரைந்த கிறிஸ்டியான் யாங்க் தீட்டிய ஓவியங்களில். அவற்றைக் கட்டக்கூடியதாக மாற்றும் வேலை முதலில் எடுவார்ட் ரீடலுக்கு வந்தது. 1874-இல் டோல்மன் கைக்கு மாறியது. ஓவியன் வெளித்தோற்றத்தைத் தந்தான், கட்டடக்கலைஞர் அதற்கு உள்ளே அறைகளை அடைத்தார். எந்த வீடும் உள்ளிருந்து வெளியே வளரும். இது வெளியிலிருந்து உள்ளே சுருங்கியது. பாடகர் மண்டபம் இருக்கிறது, பாடகர் கூட்டம் இல்லை. அரசவை மண்டபம் இருக்கிறது, அவையோர் இல்லை.

ஹெரன்கீம்ஸே இன்னும் மோசம். அங்குள்ள கண்ணாடி மண்டபம் வெர்சாயில் இருப்பதைவிடச் சற்று நீளம். ஆனால் வெர்சாயின் மண்டபம் அரசவையின் நெரிசலுக்காகப் பிறந்தது. தீவில் எழுந்த இந்த மண்டபத்தில் மெழுகுவத்தி ஏற்றச் சொல்லித் தனியாக நடக்க ஒருவர் மட்டுமே இருந்தார். அவரும் அந்த மாளிகையில் தங்கியது சில நாட்கள்தான். பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் நினைவாக அமைத்த ஆடம்பரப் படுக்கையறை தூங்குவதற்காகக் கட்டப்பட்டதே இல்லை. யாரும் வாழாத அறையில் எந்த அளவும் சரிதான், எந்த அளவும் தவறுதான். சரிபார்க்க ஆள் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பொன்முலாம் பூசி மூடினார்கள்.

மலையோடு இயைந்த கட்டடம் என்ற புகழ்ச்சியும் அடிபடுகிறது. நொய்ஷ்வான்ஸ்டைன் நிற்கும் பாறையில் உண்மையான இடைக்காலக் கோட்டைகளின் இடிபாடுகள் இருந்தன. அவற்றை அகற்றி, பாறையை வெடிவைத்துத் தாழ்த்திய பிறகு 1869-இல் அடிக்கல் நாட்டினார்கள். இது டோல்மன் வருமுன் நடந்தது என்பது உண்மை. ஆனால் பழமையை அழித்து அதன் சாயலைக் கட்டும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தபோது அவர் தயங்கியதற்கு அந்தக் கட்டடத்தில் ஒரு தடயமும் இல்லை.

தொழில்நுட்பம் என்ற வாதம்தான் எனக்குப் பெரும் எரிச்சல். எஃகு உத்தரம், வெங்காற்று வெப்பமூட்டல், குழாய்த் தண்ணீர், மின்மணி எல்லாம் இருந்தன, சரி. லிண்டர்ஹோஃபின் செயற்கைக் குகைக்கு நிறம் மாறும் மின்விளக்கும் இருந்தது. ஆனால் அத்தனையும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தவை. எஃகு தன் வலிமையால் கட்டடத்தின் வடிவத்தை மாற்றவில்லை. பழைய வேடம் கலையாமல் முட்டுக்கொடுத்தது, அவ்வளவே. முட்டுக்கொடுப்பவனை முன்னோடி என்பதா?

டோல்மனால் வேறு மாதிரிக் கட்ட முடியாமல் இல்லை. மியூனிக்கின் கீசிங் பகுதியில் 1866-இல் அவர் தொடங்கிய திருச்சிலுவை ஆலயத்தைப் பாருங்கள். அதுவும் கோதிக் நகல்தான். ஆனால் அதற்குக் கேட்பார் இருந்தார்கள்: உழைக்கும் மக்கள் நிறைந்த ஒரு புறநகர்ப் பங்கு. அந்தக் கோபுரம் அவர்களை அழைக்க நிற்கிறது, அந்தக் கூடம் அவர்களால் நிறைகிறது. அதே கை, அதே பாணி. வித்தியாசம், அங்கே கட்டடத்துக்கு ஒரு கேள்வி இருந்தது.

டோல்மன் கடைசியில் அரசரோடு முரண்பட்டாரே என்பார்கள். ஃபால்கென்ஸ்டைன் மலையுச்சியில் அரசர் கேட்ட கோட்டைக்கு 1884-இல் அவர் வரைந்த எளிய திட்டம் அரசருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆண்டே அவர் இடத்துக்கு யூலியஸ் ஹோஃப்மன் வந்தார். இதை எதிர்ப்பு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அரசரின் கடன் மலைபோல் ஏறிக்கொண்டிருந்த நேரம். அடுத்த ஆண்டு அது சுமார் 1 கோடியே 40 லட்சம் மார்க்கைத் தொட்டது. அளவைக் குறைத்தது பணப்பெட்டி. கட்டடத்தின் நோக்கத்தை டோல்மன் அப்போதும் கேள்வி கேட்கவில்லை. அதே கனவைச் சிறியதாக வரைந்தார்.

அரசர் கனவு கண்டதில் பிழையில்லை, அது அவர் இயல்பு. அந்தக் கனவுக்கு எதிரே நின்று ஒருமுறையாவது ‘ஏன்’ என்று கேட்பதற்காகவே கட்டடக்கலைஞர் என்றொரு தொழில் இருக்கிறது. கேட்காதவரை முன்னோடி என்று கொண்டாடினால், பணம் போடுபவரின் ஓவியத்துக்கு உள்ளே அறை அடைத்துத் தரும் இன்றைய நிறுவனங்களுக்கெல்லாம் நாமே நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்ததாகும்.