பரிசும் பள்ளிவாசலும்

1980இல் முதன்முதலாக வழங்கப்பெற்ற ஆகா கான் கட்டடக்கலைப் பரிசு, முஸ்லிம்கள் வாழும் நாடுகளின் கட்டடங்களை மூன்றாண்டுக்கொருமுறை எடைபோட்டு வருகிறது. 1986இல் பாகிஸ்தானின் போங் பள்ளிவாசல் பரிசு பெற்றது. கண்கூசும் அதன் அலங்காரத்தால் நடுவர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை எழுந்தது.

2016இலோ, டாக்காவின் பைத்துர் ரவூஃப் பள்ளி! மரீனா தபஸ்ஸும், தம் பாட்டியார் அளித்த நிலத்தில் வரைந்தெழுப்பியது. குப்பா இல்லை, மினாரா இல்லை. செங்கற்களின் இடைவெளியில் காற்று நுழைகிறது. கூரைத் துளைகளின் வழியே ஒளி இறங்குகிறது. தொழுவோருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நம் வாக்கு இதற்கே. எனினும், போங் பள்ளிவாசல் ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் கைவினைஞர் பலருக்குச் சோறிட்டதை நாம் மறுப்பதற்கில்லை. நம்மூர்களில் ஆயத்த அச்சில் வார்க்கப்படும் சிமெண்டுக் குப்பாக்களோ எந்தக் கைவினைஞரையும் வாழவைப்பதில்லை. கீழக்கரைக் கற்றூண்களைச் செதுக்கிய உளியின் மரபையும் அவை அறியா.