நீலகிரிப் புல்வெளியின் கருமண்ணும் அதற்கு இட்ட பெயரும்

உதகையிலிருந்து அவலாஞ்சிப் பக்கம் செல்லும் மலைப்பாதையில், சாலைக்காக வெட்டப்பட்ட மேட்டுச் சரிவின் அருகே சற்று நின்று பார்ப்பவர்கள், புல்லின் வேருக்கு நேர்கீழே ஏறத்தாழ ஒரு முழ ஆழத்துக்குக் கறுத்த மண்ணும், அதற்கும் கீழே மஞ்சளும் சிவப்புமாக மாறி ஆள் உயரத்துக்கும் மேலாக இறங்கிச் செல்லும் வேறொரு மண்ணும் அடுக்கடுக்காக அமைந்திருப்பதைக் காண்பார்கள். தொதவர்களின் எருமைகள் பல தலைமுறைகளாக மேய்ந்து வந்த புல்லுக்கு உயிர் தருவது மேலே உள்ள கருமண். அந்தக் கருமண்ணைத் தாங்கி நிற்பது கீழே உள்ள செம்மண். இவ்விரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்கி, உலகத்து மண்களின் வரிசையில் அதற்கொரு ஸ்தானம் கொடுக்க மண்ணியல் சாஸ்திரம் முயன்றிருக்கிறது. அந்த முயற்சியால் விளைந்த நன்மை எது, அதில் விடுபட்டுப்போனது எது என்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மண்ணின் சுபாவத்தைச் சொல்லிவிட வேண்டும். நீலகிரியின் மேட்டு நிலம் சார்னோக்கைட் என்று வழங்கும் மிகப் பழமையான கடினப் பாறையின்மேல் அமைந்தது. யுகக் கணக்கில் பெய்த மழை அந்தப் பாறையைச் சிதைத்து, சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் போன்ற கரையும் பொருள்களை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டபடியால், கயோலினைட் என்னும் வெண்களியும், ஜிப்சைட் என்னும் அலுமினியக் கனிமமும், செந்நிறம் தரும் இரும்பு ஆக்ஸைடுகளுமே பெரும்பாலும் எஞ்சியிருக்கின்றன. இத்தகைய வறிய அடித்தளத்தின்மேல் இவ்வளவு கறுத்த, மட்குச் செறிந்த மேல்மண் எவ்வாறு உண்டாயிற்று என்பதுதான் வியப்புக்குரிய விஷயம்.

அதற்கு விடை குளிர்ச்சியில் தொடங்குகிறது. ஏறத்தாழ 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஆண்டுதோறும் மடியும் புல்வேர்கள் சமவெளியில் போல விரைந்து மக்கிக் கரியமில வாயுவாகப் பறந்துவிடுவதில்லை. மெல்ல மெல்லச் சிதையும் அந்த வேர்களிலிருந்து பிறக்கும் அமிலங்கள், கீழுள்ள ஜிப்சைட்டையும் இரும்பு ஆக்ஸைடையும் சிறிது சிறிதாகக் கரைத்து, விடுபட்ட அலுமினியத்தோடும் இரும்போடும் தாமே பிணைந்துகொள்கின்றன. இவ்வாறு உலோகத்தோடு பிணைந்த மட்கை நுண்ணுயிர்கள் எளிதில் தின்று தீர்க்க முடியாது. ஆகவே அது ஆண்டாண்டாகச் சேர்ந்து, கையில் அள்ளினால் பஞ்சுபோல இலேசாகவும், விரலிடையே தேய்த்தால் வழவழப்பாகவும் உள்ள கருமண்ணாக நிலைத்துவிடுகிறது. அமிலம் மிகுந்து, அமில-கார அளவு 5-ஐ ஒட்டி நிற்கும் இம்மண், மழைநீரை மிகுதியாக உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பின்னும் கீழுள்ள சதுப்புகளுக்கும் ஓடைகளுக்கும் மெதுவாக விட்டுக்கொடுக்கிறது.

இந்த மண்ணுக்கு என்ன பெயர் இடுவது? 1883-இல் ருஷ்யாவின் கருமண்ணைப் பற்றி நூல் எழுதிய தொக்குசாயெவ், பாறை, தட்பவெப்பம், உயிரினம், நில அமைப்பு, காலம் ஆகியவை கூடிப் பெற்ற குழந்தையே மண் என்று காட்டினார். அவர் வழிவந்தவர்கள் மண்ணை அதன் பிறப்பைக்கொண்டு வகுத்தார்கள். பிறப்பை யாரும் கண்ணால் கண்டதில்லை. அது ஊகத்துக்கு உட்பட்டது. ஊகங்கள் முரண்படும்போது பெயர்களும் முரண்படும். இந்தக் குறையை உணர்ந்த அமெரிக்க மண்ணியலார், கய் ஸ்மித்தின் தலைமையில் பல ஆண்டுகள் உழைத்து, 1960-இல் ஒரு முன்வரைவையும் 1975-இல் முழு நூலையும் வெளியிட்டார்கள். மண் எவ்வாறு பிறந்திருக்கக்கூடும் என்பதை விட்டு, இன்று அளந்து காணக்கூடிய லட்சணங்கள் யாவை என்பதையே அந்த முறை பிரமாணமாகக் கொண்டது. இன்று இந்திய மண் அளவை நிறுவனங்கள் கையாள்வதும் பெரும்பாலும் இம்முறையே.

இதன் முதற்சிறப்பைத் தமிழ் வாசகர் தம் சொந்த மண்ணைக்கொண்டே அறியலாம். கோவில்பட்டிக் கரிசலும் கறுப்பு, நீலகிரிப் புல்வெளியின் மேல்மண்ணும் கறுப்பு. கண்ணை மட்டும் நம்பினால் இரண்டையும் ஒரே இனத்தில் சேர்த்துவிட நேரும். கரிசலோ சுண்ணாம்பு செறிந்தது, கனமானது, மழையில் வீங்கிக் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பது. மலையின் கருமண் அமிலம் நிறைந்தது, இலேசானது, கரிசலைப்போல் வீங்கி வெடிக்காதது. ருஷ்யப் புல்வெளியின் கருமண்ணோடு ஒப்பிட்டாலும் இதே நிலைதான். அங்கே சுண்ணாம்பும் மக்னீசியமும் மண்ணில் செறிந்திருப்பதால், அந்தக் காரப் பொருள்களின் நிறைவு 50 விழுக்காட்டுக்குக் குறையாத மேல்மண்ணுக்கென வகுத்த மாலிசால் வரிசை அதற்குப் பொருந்தும். நீலகிரி மண் அந்த வாசலைத் தாண்டவே முடியாது. நிறம் மயக்கும் இடத்தில் அளவை தெளிவைத் தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது சிறப்பு இன்னும் ஆழமானது. 2000-ஆம் ஆண்டில் கானே, பூர்ஜோன் முதலிய பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள், நீலகிரியின் இக்கருமண் ஆன்டிசால் என்னும் வரிசையைச் சேர்ந்தது என்று நிறுவினார்கள். ஜப்பானிய மொழியில் 'ஆன்' என்றால் இருண்ட, 'டோ' என்றால் மண் என்று பொருள். எரிமலைச் சாம்பலில் பிறந்த மண்களை மனத்திற்கொண்டு 1990-இல் தனி வரிசையாக வகுக்கப்பட்டது அது. நீலகிரியிலோ எரிமலைச் சாம்பலின் சுவடே இல்லை. பிறப்பைக்கொண்டு வகுக்கும் பழைய முறையில் இவ்விரு மண்களும் ஒன்றையொன்று சந்தித்திருக்கவே மாட்டா. குணத்தைக்கொண்டு வகுத்த காரணத்தால், ஜப்பானின் எரிமலைச் சரிவும் தொதவரின் மேய்ச்சல் நிலமும் ஒரே குலத்தில் வந்து சேர்ந்தன. மண்ணை அதன் நடத்தையால் அறியவேண்டும் என்ற கொள்கைக்குக் கிடைத்த உண்மையான வெற்றி என்றே இதனைக் கருதுகிறேன்.

இந்த ஒற்றுமை ஏட்டளவில் நின்றுவிடுவதுமில்லை. எரிமலைக் கண்ணாடித் துகள் இல்லாத ஒரு மண் ஆன்டிசால் ஆவதற்கு வேண்டிய லட்சணங்களுள் ஒன்று, அதில் இடப்படும் பாஸ்பேட்டில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமல் அது தன்னிடமே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது. உருளைக்கிழங்குக்காகப் புல்லைக் கொத்தி மூட்டை மூட்டையாக மணிச்சத்து இடும் மலை விவசாயிக்கு, இட்டதில் பெரும்பகுதி பயிருக்கு எட்டாமல் மண்ணிலேயே சிறைப்பட்டுவிடும் என்னும் எச்சரிக்கை அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஒரு பெயர் இவ்வளவு பிரயோஜனமுள்ள செய்தியைத் தாங்கி நிற்குமானால், அப்பெயரை வகுத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்களே.

இனிக் குறைகளுக்கு வருவோம். 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் 60 விழுக்காடு, அதாவது 36 சென்டிமீட்டர் கனத்துக்கு அந்த விசேஷ குணங்கள் இருந்தால், அது ஆன்டிசால். அதற்குக் குறைந்தால் வேறு வரிசை. வரிசைகளைப் படிப்படியாகச் சோதிக்கும் இம்முறையில், ஆன்டிசால் என்ற கேள்வி ஆக்சிசால், அல்டிசால் முதலிய செம்மண் வரிசைகளுக்கு முன்பாகவே கேட்கப்படுகிறது. ஆகையால் மேலே 36 சென்டிமீட்டர் கருமண் இருந்துவிட்டால், கீழே பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் செம்மண்ணின் நெடிய சரித்திரம் வரிசைப் பெயரில் இடம்பெறாமலே போய்விடுகிறது; உச்சியில் உள்ள முழ மண் முழு மலைக்கும் பெயர் சூட்டுகிறது. கருமண்ணின் கனம் 40 சென்டிமீட்டரிலிருந்து 30 ஆகத் தேய்ந்துவிட்டால், தோல் உரிந்த அந்த மண் பெரும்பாலும் இன்செப்டிசால் என்றோ, அடிமண்ணின் தன்மைக்கேற்ப வேறொன்றாகவோ பதிவாகும். நேற்றைய வரைபடத்தைக் காணாதவனுக்கு, அங்கே ஒரு நஷ்டம் நேர்ந்தது என்பதை அந்தப் புதுப்பெயர் ஒருபோதும் சொல்லாது.

ஓர் உழவினால் மண்ணின் பெயர் மாறிவிடக் கூடாது என்ற சிரத்தை இம்முறையை வகுத்தவர்களுக்கு இல்லாமலில்லை. மேல் 18 சென்டிமீட்டரைக் கலந்து பார்த்த பின்னும் லட்சணம் நிலைக்கிறதா என்று சோதிக்கச் சொன்னவர்கள் அவர்களே. ஆயினும் கலப்பையால் கலக்கப்பட்ட மண் இருந்த இடத்திலேயே இருக்கும். சரிவில் பெய்த மழையால் அடித்துச் செல்லப்பட்ட மண் திரும்பி வராது. சமவெளி உழவை எண்ணி வகுத்த பாதுகாப்பு, மலைச்சரிவின் அரிப்புக்கு முன்னே போதாமற் போய்விடுகிறது.

அடுத்த குறை, ஒரு குழியை வெட்டி அந்தக் குழியின் முகத்தை மட்டும் கொண்டு பெயரிடும் வழக்கத்தால் நேர்வது. மலைமண் சரிவு நெடுக ஒரு குடும்பமாக வாழ்வது: முகட்டில் மெல்லிய மண், நடுச்சரிவில் கனத்த கருமண், பள்ளத்தில் நீர் தேங்கிய சதுப்பு என்று அங்கங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன. 1935-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் மில்ன் என்பவர் இத்தகைய தொடரைச் சங்கிலி என்று பெயரிட்டு அழைத்தார். மேலே இழந்த மண்தான் கீழே படிகிறது. மேலே தேங்கிய நீர்தான் கீழே ஊற்றாகிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி வரிசைப் பெயர் கொடுத்துவிட்டுச் சங்கிலியைச் சொல்லாமல் விடுவது, வீட்டாரை ஒவ்வொருவராக விவரித்துவிட்டு அவர்களுக்குள் உறவு என்ன என்பதைக் கூறாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது குறை சரித்திரத்தைப் பற்றியது. பள்ளத்துச் சதுப்புகளில் படிந்த கரிமத்தை ஆராய்ந்து, ரா. சுகுமாரும் அவருடைய தோழர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளில் இம்மலையின் புல்லும் மரமும் தட்பவெப்ப மாறுதலுக்கேற்ப ஒன்றுக்கொன்று இடம் விட்டும் இடம் பிடித்தும் வந்ததைப் புலப்படுத்தியது. மனிதன் காட்டை அழித்ததால் உண்டான வெற்றுத்தரை இது என்று எண்ணியவர்களுக்கு, இது மிகத் தொன்மையான புல்வெளி என்று மண்ணே சாட்சி சொல்லிற்று. அந்தச் சாட்சியை ஆன்டிசால் என்ற பெயர் ஏந்தவில்லை. மேய்ச்சலும், கோடைத் தீயும், சோலையின் எல்லை முன்னும் பின்னும் நகர்ந்ததும் அந்தப் பெயரில் இல்லை. புல்லை மூடிச் சீகை மரமும் கற்பூர மரமும் வளர்ந்து, நிழலின் கீழே புல் மடிந்துபோன இடத்திலும், மண்ணின் அளவுகள் எல்லை தாண்டும் வரையில் அதே பெயர்தான் நீடிக்கும்.

இந்த மௌனத்தின் தீங்கை அலட்சியப்படுத்த முடியாது. பயிர் விளையாத நிலத்துக்கு வரித்தரம் இல்லை என்று கண்ட பழைய வருவாய் முறை, புல்வெளியைத் தரிசு என்று பதிவு செய்தது; தரிசு என்று எழுதிய நிலத்தில் மரம் நடுவதும் உழுவதும் தர்மமாகவே தோன்றிற்று. ஒரு பெயர் எவ்வளவு கேடு செய்யக்கூடும் என்பதற்கு நீலகிரியே உதாரணம். அந்தப் பெயரை எதிர்த்துப் பேசக்கூடிய தகுதி மண்ணியலுக்கு இருந்தது. இது வெறுந்தரை அல்ல, நீரையும் கரிமத்தையும் காக்கும் அரிய மண் என்று அது உரக்கச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய உண்மை, சாதாரண வாசகர் எட்ட முடியாத ஒரு பரிபாஷைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

ஆகையால், இம்முறையைக் கைவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம் அன்று. அளந்து பெயரிடும் ஒழுக்கம் இல்லையேல் இந்த மண்ணின் விசேஷமே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். மலை மேய்ச்சல் நிலத்தின் மண்ணைப் பதிவு செய்பவர்கள், வரிசைப் பெயரோடு நின்றுவிடாமல் மூன்று செய்திகளைச் சேர்த்து எழுதவேண்டும் என்பதே என் வேண்டுகோள்: கருமண்ணின் கனம் இத்தனை சென்டிமீட்டர் என்ற நேரான அளவு, சரிவில் அந்தக் குழி இருக்கும் இடமும் அதன் மேலும் கீழும் உள்ள மண்களும், அந்நிலம் புல்லாக, மரமாக, தோட்டமாக இருந்துவந்த வரலாறு. மூன்றுக்கும் பெரிய கருவிகள் தேவையில்லை. ஓர் அளவுகோலும், மலையில் கொஞ்சம் நடையும், தொதவர் குடியிருப்பான மந்தில் உள்ள முதியவர்களிடம் பொறுமையாகக் கேட்டறியும் மனமும் போதும்.

அப்படி எழுதப்படுமானால், 36 என்ற எண்ணுக்கே வேறு அர்த்தம் உண்டாகிவிடும். இப்போது அது இரு வரிசைகளைப் பிரிக்கும் வேலியாக மட்டும் நிற்கிறது. கனத்தை ஆண்டுதோறும் அளந்து வருபவர்களுக்கோ, 45 ஆக இருந்தது 42 ஆகி, 39 ஆகி, அந்த எல்லையை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று முன்கூட்டியே உணர்த்தும் அடையாளமாக விளங்கும். பெயர் மாறிய பின் அறிவதைவிடப் பெயர் மாறுவதற்கு முன் அறிவதே புல்லுக்கும் எருமைக்கும் ஓடைக்கும் உதவும். சாலையோரம் வெட்டுண்ட மேட்டில் கறுப்பும் சிவப்பும் சந்திக்கும் அந்தக் கோட்டை அடுத்த முறை காண்பவர்கள், அதன் பெயரைக் கேட்பதோடு, மேலே இன்னும் எத்தனை விரற்கடை மீந்திருக்கிறது என்றும் அளந்து பார்க்க வேண்டும்.