நளாயினிக்கு என்ன நோய்?

நளாயினியின் கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் குறைவு. தொழுநோய் கண்ட கணவன், எதற்கெடுத்தாலும் சினப்பவன். தாசி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டபோது அவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு போனாள் நளாயினி. வழியில் கழுமரத்தில் இருந்த முனிவர்மேல் கூடை இடித்துவிட்டது. பொழுது விடிந்ததும் உன் கணவன் சாவான் என்று அவர் சபித்தார். அப்படியானால் பொழுதே விடியாமல் போகட்டும் என்றாள் அவள். சூரியன் எழவில்லை. கற்பின் வலிமைக்குச் சான்றாக இந்தக் கதை நமக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

1985ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் நோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்-ஐத் திருத்திக்கொண்டிருந்தது. அதில் புதிதாக ஓர் ஆளுமைக் கோளாறைச் சேர்க்க வேண்டும் என்று முன்மொழியப்பட்டது. அதன் பெயர் மசோக்கிஸ்டிக் ஆளுமைக் கோளாறு. வேறு நல்ல வழிகள் இருந்தும் தன்னைத் துன்புறுத்துபவர்களையே நாடுவது, யாரும் கேட்காமலே அளவுக்கு மீறித் தியாகம் செய்வது, பிறர் உதவ வந்தால் மறுப்பது, தனக்குக் கிடைக்கும் இன்பங்களை ஒதுக்குவது, தன் குறிக்கோளுக்கான வேலையைத் திறமை இருந்தும் முடிக்காமல் விடுவது. இவைதாம் அடையாளங்கள்.

நளாயினி இதில் அச்சு அசலாகப் பொருந்துவாள். ஒரு நூலில் அவள் பத்தினி, இன்னொரு நூலில் நோயாளி. இரண்டு நூலும் அவளைத்தான் உற்றுப் பார்க்கின்றன. கூடையில் உட்கார்ந்திருப்பவனின் உடல்நோய் என்ன என்று கதை சொல்கிறது. அவனுடைய குணத்துக்கு என்ன பெயர் என்று இரண்டுமே கேட்கவில்லை.

உளவியல் மாணவிகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஆளுமைக் கோளாறுகள் அத்தியாயத்தை ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல வாசித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிலும் கதைமாந்தர் இருக்கிறார்கள், கதைசொல்லி இருக்கிறார். யாரை இயல்பானவர் என்று வைத்துக்கொண்டு அவர் கதை சொல்கிறார் என்பதும் இருக்கிறது.

மனிதர்களைக் குணத்தால் வகைபிரிப்பது பழைய பழக்கம். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் 30 குணச்சித்திரங்களை எழுதினார். கஞ்சன், முகத்துதிக்காரன், வாயாடி, கோழை என்று வரும் அந்த முப்பது பேரும் ஆண்கள். பெண்ணை விளக்க கிரேக்க மருத்துவத்துக்குக் குணவகை தேவைப்படவில்லை, ஓர் உறுப்பே போதுமானதாக இருந்தது. கருப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ஹிஸ்டீரியா என்ற பெயர் வந்தது. நம் தொல்காப்பியமும் பெருமையையும் வலிமையையும் ஆணுக்கு வைத்தது, அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்ணுக்கு வைத்தது. மடம் என்றால் அறிந்தும் அறியாததுபோல் இருத்தல் என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள்.

சொல்லிலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. ஆளுமை என்பதற்கு வேர் ‘ஆள்’. ஆள் என்றால் மனிதர், ஆள் என்றால் ஆட்சி செய். சாதித்த பெண்களை மகளிர் தினத்தன்று ‘பெண் ஆளுமைகள்’ என்று வரிசைப்படுத்துகிறோம். மற்றப் பெண்களுக்கு இருப்பது குணம்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் ‘பொண்ணு குணம் எப்படி’ என்றுதான் விசாரிக்கிறார்கள்.

இன்றைய உளவியல் இதைவிட நிதானமாகப் பேசுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவரின் இயல்பில் ஏறக்குறையப் பாதி வேறுபாட்டை மரபணுக்களோடு தொடர்புபடுத்தலாம் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. மீதியை வளர்ந்த சூழலும் பட்ட அனுபவங்களும் உருவாக்குகின்றன. இந்த இயல்பு எப்போது கோளாறு ஆகிறது? டி.எஸ்.எம். தரும் விளக்கத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: ஒருவர் வாழும் பண்பாடு எதிர்பார்ப்பதிலிருந்து வெகுவாக விலகிய, நீண்டகாலமாக மாறாத, துன்பமோ செயல்குறைவோ தருகிற உள்ளனுபவமும் நடத்தையும்.

‘பண்பாடு எதிர்பார்ப்பது’ என்ற இடத்தில் பெண் வாசகர் கொஞ்சம் நின்றாக வேண்டும். பண்பாடு ஆணிடமும் பெண்ணிடமும் ஒன்றையே எதிர்பார்ப்பதில்லை. பெண்ணிடம் எதிர்பார்ப்பதை அது முழுமையான மனிதரிடம் எதிர்பார்ப்பதும் இல்லை. இங்கே (இன்கே) பிராவர்மனும் உடன் ஆய்வாளர்களும் 1970இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. உளமருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள் என 79 பேரிடம் கேட்டார்கள். ஒரு பிரிவினர் மனநலமுள்ள ஆணை விவரிக்க வேண்டும், இன்னொரு பிரிவினர் மனநலமுள்ள பெண்ணை, மூன்றாம் பிரிவினர் பாலினம் சுட்டாமல் மனநலமுள்ள வயதுவந்தவரை. ஆணுக்கும் வயதுவந்தவருக்கும் வந்த விவரிப்புகள் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. பெண் மட்டும் வேறாக இருந்தாள். அவள் அதிகம் பணிந்துபோகிறவள், தன்னிச்சை குறைந்தவள், எளிதில் பிறர் சொல்லுக்கு வசப்படுகிறவள், சின்ன நெருக்கடிக்கும் பதறுகிறவள். ஆக, பெண்ணாக நலமாக இருந்தால் மனிதராக நலம் குறைந்தவள், மனிதராக நலமாக இருந்தால் பெண்ணாகக் கோளாறானவள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பட்டியலுக்கு வருவோம். டி.எஸ்.எம். இப்போது பத்து ஆளுமைக் கோளாறுகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றில் சார்பு ஆளுமைக் கோளாறு என்று ஒன்று. பிறருடைய ஆலோசனையும் தேற்றலும் இல்லாமல் அன்றாட முடிவுகளை எடுக்க முடியாது, தன் வாழ்க்கைப் பொறுப்பைப் பிறர் ஏற்க வேண்டும், ஆதரவு போய்விடும் என்ற அச்சத்தில் மறுத்துப் பேச முடியாது. பதினெட்டு வயதுவரை கடைக்குத் தனியாக அனுப்பாமல், இருபத்தொன்றில் யாருக்கோ கட்டிக்கொடுத்து, புடவை நிறத்தைக்கூடக் கணவனைக் கேட்டு எடுக்கப் பழக்கிய பெண்ணிடம் இந்தப் பட்டியலை நீட்டினால் என்ன ஆகும்? அவள் நல்ல மருமகள் என்பதற்கான சான்றும் அதுதான், நோய்ச் சான்றும் அதுதான்.

மார்சி கேப்லன் என்ற உளவியலாளர் 1983இல் இந்தக் கேள்வியை எழுப்பினார். பெண் தன் சார்பை வெளிக்காட்டும் விதம்தான் நூலில் கோளாறாகக் குறிக்கப்படுகிறது, ஆண் சார்ந்திருக்கும் விதம் கண்ணில் படுவதே இல்லை என்றார். தட்டில் சோறு விழவும், சட்டை மடிந்து அலமாரிக்கு வரவும், அம்மாவின் மாத்திரைக்கு நேரம் நினைவிருக்கவும் இன்னொருவரை நம்பியிருப்பவனை நாம் குடும்பத் தலைவன் என்கிறோம். நூலின் பாணியிலேயே அவர் இரண்டு கற்பனைக் கோளாறுகளையும் எழுதிக் காட்டினார். ஒன்று தன்னிச்சை ஆளுமைக் கோளாறு, மற்றது உணர்வைக் கட்டிப்போட்ட ஆளுமைக் கோளாறு. ஆணிடம் மெச்சப்படும் குணங்களும் அந்த மொழியில் எழுதினால் நோயாகத் தெரிந்தன.

குறை பட்டியலில் மட்டும் இல்லை, பட்டியலைக் கையில் வைத்திருப்பவரிடமும் இருக்கிறது. 1989இல் ஃபோர்டு, விடிகர் ஆகிய இருவர் 354 உளவியலாளர்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். சமூக விரோத ஆளுமையின் கூறுகளும், நாடகத்தனமான ஆளுமை எனப்படும் ஹிஸ்ட்ரியானிக் கோளாறின் கூறுகளும் கொண்ட நோயாளர் வரலாறுகளைக் கொடுத்தார்கள். நோயாளரின் பால் மட்டும் மாறியது. சமூக விரோதக் கூறுகள் தெளிவாக இருந்தும் பெண் என்றால் ஹிஸ்ட்ரியானிக் என்று முடிவு கட்டும் போக்கு தெரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கூறையும் தனித்தனியே மதிப்பிடச் சொன்னபோது இந்தப் பாகுபாடு தெரியவில்லை. கண்ணால் கண்டதை எழுதும்போது சரியாக இருந்த கை, பெயர் சூட்டும்போது தடுமாறியது.

மசோக்கிஸ்டிக் கோளாறுக்கு வருவோம். அந்த முன்மொழிவைப் பெண்ணிய உளவியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அடிவாங்கும் மனைவி ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை என்பதற்குக் கையில் காசு இல்லை, பிறந்த வீட்டில் இடமில்லை, போனால் கொன்றுவிடுவான் என்று நூறு காரணங்கள் இருக்க, அவள் குணமே அப்படி என்று சொல்லிவிட்டால் அடித்தவன் கதையிலிருந்து மறைந்துவிடுகிறான் என்றார்கள். போராட்டத்துக்குப் பின் பெயர் மாறியது. ‘தன்னைத் தோற்கடிக்கும் ஆளுமை’ என்ற பெயரில் 1987ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்புக்குப் போனது. வன்முறைக்கு எதிர்வினையாக மட்டும் இக்குணங்கள் தெரிந்தால் இப்பெயரைச் சூட்டக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அதே பின்னிணைப்பில் பிறரைக் கொடுமைப்படுத்தும் ஆளுமைக்கும் ஓர் இடம் தந்தார்கள். 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டும் இல்லை.

இந்தப் போராட்டத்தில் முன்னின்ற பவுலா கேப்லன் ஒரு பகடி செய்தார். தான் தொடர்புகொள்ளும் பெண்களின் சேவை தனக்கு உரிமையானது என்று நம்புவது போன்ற அடையாளங்களைக் கொண்ட ‘மாயையும் ஆதிக்கமும் கொண்ட ஆளுமைக் கோளாறு’ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி முன்மொழிந்தார். சேர்க்கவில்லை. நமக்கு இதில் பாடம் இருக்கிறது. நோய்ப்பெயர்கள் பாறையில் தோண்டி எடுக்கப்படுவன அல்ல. கூட்டம் போட்டு, வாதாடி, கைவிட்டு, திருத்தி எழுதப்படுகின்றன. அந்தக் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர்கள் மாறுகின்றன.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, ஆளுமைக் கோளாறு என்பதே ஆணாதிக்கக் கற்பனை என்று முடித்துவிடலாம். பெண்ணியம் பேசுகிற நாம் பல நேரம் அங்கேயே நின்றுவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்டர்லைன் எனப்படும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு அதற்குக் காரணம்.

நியூரோசிஸுக்கும் சைக்கோசிஸுக்கும் இடையே எல்லையில் நிற்பவர்கள் என்ற பொருளில் அடால்ஃப் ஸ்டெர்ன் 1938இல் பயன்படுத்திய சொல் அது. 1980இல் டி.எஸ்.எம்-இல் இடம் பிடித்தது. கைவிடப்படுவோமோ என்ற பேரச்சம், ஒருவரை இன்று தெய்வமாகவும் நாளை பேயாகவும் காண்பது, நான் யார் என்ற தடுமாற்றம், அடங்காத கோபம், உள்ளே ஒரு வெறுமை, தன்னைத் தானே கீறிக்கொள்வது. இந்தப் பெயர் சூட்டப்படுபவர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள் என்று டி.எஸ்.எம்-இன் நான்காம் பதிப்பு எழுதியது. ஆனால் அமெரிக்கப் பொதுமக்களிடையே நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றின் முடிவுகள் 2008இல் வந்தபோது ஆண் பெண் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியானால் மருத்துவமனையில் பெண்களிடம் மட்டும் இந்தப் பெயர் ஏன் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது?

ஜூடித் ஹெர்மனும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், இக்கோளாறு கொண்டவர்களில் 81 விழுக்காட்டினர் குழந்தைப் பருவத்தில் பெரும் கொடுமைகளைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அடி, பாலியல் வன்முறை, வீட்டுக்குள் நடந்த வன்முறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீண்டகாலக் கொடுமையால் விளைந்த காயத்தைக் குணக்கேடு என்று அழைக்கக் கூடாது, அதற்குத் தனிப்பெயர் வேண்டும் என்று ஹெர்மன் 1992இல் வாதிட்டார். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 11ஆம் பதிப்பில் அந்தப் பெயர் இடம்பெற்றது. பழைய ஆளுமை வகைகளையும் அந்தப் பதிப்பு கைவிட்டு, கோளாறு எவ்வளவு தீவிரம் என்பதைப் பார்க்கச் சொல்கிறது. பார்டர்லைன் மட்டும் ஒரு கூடுதல் குறிப்பாக மிஞ்சியிருக்கிறது.

இவை யாவும் சரிதான். ஆனாலும் இரவு இரண்டு மணிக்குக் குளியலறைக் கதவைத் தாழிட்டு மணிக்கட்டைக் கீறிக்கொள்கிற பெண்ணிடம் இதெல்லாம் சமூகக் கட்டமைப்பு என்று சொல்லிவிட்டு நாம் தூங்கப் போக முடியாது. அவளுக்கு அந்த இரவைக் கடக்கும் வழி வேண்டும். அந்த வழிகளில் முக்கியமான ஒன்றை உருவாக்கிய மார்ஷா லினஹான், தானும் பதினேழு வயதில் மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர் என்பதை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். டி.பி.டி. எனப்படும் அவருடைய சிகிச்சை ‘உன் வேதனைக்குக் காரணம் இருக்கிறது’ என்று ஏற்கிறது, ‘ஆனாலும் மாற முடியும்’ என்றும் சொல்கிறது. பெயர் கிடைத்ததும் ‘நான் மட்டும் இப்படி இல்லை’ என்று மூச்சுவிட்ட பெண்களும் உண்டு. பெயர் கதவைத் திறக்கிறதா, பூட்டுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நம் ஊரில் பூட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், சேர்ந்து வாழ முடியாத அளவுக்கான மனக்கோளாறு விவாகரத்துக்கு ஒரு காரணம். அடங்காப்பிடாரி, ராங்கிக்காரி, குணங்கெட்டவள் என்று முன்பு திண்ணையில் சொல்லப்பட்டவை இப்போது ஆங்கிலப் பெயர் பூண்டு மனுவில் ஏறலாம். நோய்ப்பெயர் மட்டும் போதாது, அதன் தீவிரத்தைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் சொன்னது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. நாம் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பிரிவு இது. மாமியாருக்கு எதிர்த்துப் பேசுவது, கல்யாணம் வேண்டாம் என்பது, பெண்ணைக் காதலிப்பது எதுவும் நோய்க்குறி ஆகாது.

எனவே உளவியல் படிக்கும் தோழிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த அத்தியாயத்தைத் தூக்கி எறிய வேண்டாம், நன்றாகப் படியுங்கள். ஒவ்வோர் அடையாளத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வாருங்கள்: இது யாருக்குத் துன்பம், அவளுக்கா, அவளோடு இருப்பவர்களுக்கா? அவள் என்ன செய்தாள் என்று எழுதியிருக்கிறது, அவளுக்கு என்ன செய்யப்பட்டது என்று எழுதியிருக்கிறதா? இதே செயலை ஓர் ஆண் செய்தால் என்ன பெயர்?

நளாயினியிடம் திரும்புவோம். சூரியனை நிறுத்தும் வலிமை அவளிடம் இருந்ததாகக் கதையே ஒப்புக்கொள்கிறது. அவ்வளவு வலிமை உள்ளவள் ஏன் அந்தக் கூடையைச் சுமந்தாள், இறக்கி வைக்க அவளுக்கு ஓர் இடம் இருந்ததா என்று கேட்டுவிட்டு, பிறகு அவளுக்கு என்ன நோய் என்று யோசிக்கலாம்.