ரீல் அறுந்ததோடு சரி

'தி மிரர் கிராக்ட்' (1980) பார்க்கலாமா என்று கேட்டால், தொடக்கக் காட்சியை மட்டும் பாருங்க என்பேன். செயின்ட் மேரி மீட் கிராமத்தில் ஒரு கறுப்பு வெள்ளை கொலைப்படம் ஓடுகிறது. கொலையாளி யாரென்று தெரியப்போகிற நேரத்தில் ரீல் அறுந்துவிடுகிறது. மிஸ் மார்ப்பிள் விடையைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அட்டகாசம். அதோடு படத்துக்குக் கிராமம் தேவைப்படவில்லை.

எலிசபெத் டெய்லரும் கிம் நோவாக்கும் மாறி மாறிக் குத்திப் பேசுவது ஜாலிதான். ஆனால் அகதா கிறிஸ்டியின் 1962 நாவலில் கிராமம் வெறும் செட் இல்லை. புதுக் குடியிருப்பு முளைத்திருக்கிறது. மார்ப்பிளுக்கு வயதாகிவிட்டது, தோட்ட வேலைக்கும் தடை. இந்த ஆள் நம்மூர் இன்னார் மாதிரி என்று பொருத்திப் பார்ப்பதுதான் அவர் துப்பறியும் முறை. பழைய பக்கையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கும் டீம் சீனியர் மாதிரி. படத்திலோ காலைச் சுளுக்கிக்கொண்டு, போலீஸ்கார உறவினர் கொண்டுவரும் தகவலுக்குக் காத்திருக்கிறார்.

(இனி ஸ்பாய்லர்.) கொலையாகும் ஹீதர் கெட்டவள் இல்லை. ஒருகாலத்தில் ஜெர்மன் மீசில்ஸோடு, தடிப்புகளை மேக்கப்பால் மறைத்துக்கொண்டு, தனக்குப் பிடித்த நடிகையைப் பார்க்க ஓடியவள். நடிகை அப்போது கர்ப்பிணி. பல வருடம் கழித்து அதை அவளிடமே பெருமையாகச் சொல்கிறாள். நானும் 'லேசான ஜுரம்தானே' என்று ஒரு கல்யாணத்துக்குப் போனவன். யார் யார் கையைக் குலுக்கினேன் என்று இன்னும் கணக்கு வரவில்லை. அதனால்தான் இந்தப் படத்தின் மேல் இவ்வளவு கோபம். டெய்லரின் முகத்துக்கு அத்தனை நேரம் கொடுத்தவர்கள், ஹீதர் வாழ்ந்த தெருவை எட்டிப் பார்க்கக்கூட நினைக்கவில்லை.