குழந்தையின் அசைவு: லாபனின் நூல் பற்றிச் சில குறிப்புகள்

நமது பாலர் வகுப்புகளில் அபிநயப் பாட்டு என்றொன்று உண்டு. நிலா என்றால் கைகளை உயர்த்தி வட்டம் காட்டவேண்டும். மலர் என்றால் விரல்களைக் குவித்து விரிக்கவேண்டும். முப்பது பிள்ளைகளும் ஒரே நிலாவையே காட்டுவர். மாறிக் காட்டிய பிள்ளை திருத்தப்படும். பரிசளிப்பு விழாவிலே பெற்றார் கைதட்டுவர். எந்தப் பிள்ளை எந்த நிலாவைக் கண்டது என்று கேட்பாரில்லை.

இக்கேள்வியைக் கல்விமுறையாகவே வகுத்துத் தந்த நூல், றூடோல்வ் லாபன் 1948இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'நவீன கல்வி நடனம்'. ஆடி முடிந்த ஆட்டம் எதனையும் பிள்ளைக்குப் பாடமாக்க அது முற்படவில்லை. எடை, வெளி, காலம், ஓட்டம் என்னும் நான்கு கூறுகளால் மனித அசைவு முழுவதையும் நோக்கி, பதினாறு அசைவுக் கருக்களை அது வகுக்கிறது. இம்முறையில் ஆசிரியர் 'நிலாவைக் காட்டு' என்னார். 'மெல்ல எழு, சடுதியாக விழு. பாரமாக நட, பின்பு பாரமின்றி நட' என்பார். எப்படி எழுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. பட்டுடையும் சலங்கையும் அரங்கேற்றச் செலவும் இங்கு வேண்டா. ஒரு மண்டபமும் வெறும் பாதங்களுமே போதும். போருக்குப் பிந்திய இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளில் இம்முறை வேரூன்றியதில் வியப்பில்லை. இதனை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், இந்நூலைப் போற்றுவோர் பலர் சொல்லாது விடும் இரண்டு செய்திகள் உள.

ஒன்று தொழிற்சாலை பற்றியது. லோறன்ஸ் என்ற முகாமை ஆலோசகருடன் சேர்ந்து, இதே அளவுகோல்களை லாபன் ஆலைகளுக்கும் கொண்டுசென்றார். போர்க்காலத்தில் ஆண்களின் இடத்துக்கு வந்த பெண்கள், உடலின் ஊசலாட்டத்தைத் துணைக்கொண்டு பாரம் தூக்கப் பழகினர். 1947இல் இருவரும் 'முயற்சி' என்ற நூலை வெளியிட்டனர். முதுகுநோவு குறைந்தால் நன்றே. மிச்சமான வலு எவருடைய கணக்கில் வரவாகிறது என்பதே நம் வினா.

மற்றையது இதனினும் கசப்பானது. 1930 முதல் 1934 வரை பேர்ளின் அரச ஒப்பேராவின் நடனப் பொறுப்பில் லாபன் இருந்தார். ஹிற்லர் ஆட்சிக்கு வந்து ஆறு மாதங்களுக்குள், 1933 யூலையில், தமது சிறுவர் வகுப்பிலிருந்து 'ஆரியர் அல்லாதார்' என முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளை அவர் நீக்கினார் என்பதை ஆய்வாளர் ஆவணங்கொண்டு காட்டியுள்ளனர். 1936 ஒலிம்பிக்கையொட்டி அவர் ஆயத்தம் செய்த பெருங்குழு ஆட்டத்தைக் கோயபல்ஸ் தடைசெய்தார். பின்னர் லாபன் நாட்டைவிட்டு வெளியேறி 1938இல் இங்கிலாந்தை அடைந்தார். அவரது வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் 1936இலிருந்தே தொடங்க விரும்புகின்றனர். 1933இல் வெளியேற்றப்பட்ட பிள்ளைகளுக்கு அது ஆறுதலாகாது.

எனவே நூலை எறிந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மனிதரின் குற்றத்துக்காகக் குழந்தைகள் ஒரு நல்ல பயிற்சியை இழத்தல் இரண்டாம் தண்டனையாகும். ஆனால் அக்குற்றத்தோடு சேர்த்து வாசிக்கும்போது நூலின் ஒரு குறை துலக்கமாகிறது. இதில் வரும் குழந்தைக்கு ஊரில்லை, வீடில்லை, வயிறில்லை. எடையும் காலமும் வெளியுமே உண்டு. உள்ளார்ந்த ஆடல் உந்தல் எல்லாக் குழந்தைகளுக்கும் பொது என்பது மெய்யே. வகுப்பின் கதவு எல்லாருக்கும் திறந்திருந்ததில்லை என்பதும் மெய்.

காலையுணவின்றி வந்த பிள்ளையிடம் 'பாரமின்றி மித' என்று சொல்லும் ஆசிரியர் எதனைக் கேட்கிறார்? அப்பிள்ளை அசையாது நின்றால் அதனைக் கற்பனைக் குறைவென்று குறிப்பேட்டில் எழுதுவாரா? லாபனின் பதினாறு கருக்களையும் நமது வகுப்புக்கு எடுத்துச்செல்லும் ஆசிரிய நண்பர்கள், முதலில் அபிநயப் பாட்டின் முன்வரிசையை உற்றுப்பார்க்க வேண்டுகிறோம். அங்கே நிறுத்தப்படுவோர் யாருடைய பிள்ளைகள், பின்வரிசையில் மறைக்கப்படுவோர் யாருடைய பிள்ளைகள் என்று பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.