நீர்வாழ் இனங்கள் திட்ட நிறைவறிக்கை: ஒரு திறனாய்வு

நீர்வாழ் இனங்கள் திட்டம் என்பது நுண்பாசிகளிலிருந்து உயிரி டீசல் தயாரிக்கும் நோக்கத்துடன் அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய ஆராய்ச்சித் திட்டமாகும். ஜான் ஷீஹன், டெர்ரி டனாஹே, ஜான் பெனமன், பால் ரோஸ்லர் ஆகியோர் எழுதிய இதன் நிறைவறிக்கை 1998இல் வெளியானது.

சிறப்புகள்

திட்டத்தில் 3,000க்கும் மேற்பட்ட பாசி வகைகள் திரட்டப்பட்டு, அவற்றுள் சுமார் 300 தேர்ந்தெடுக்கப்பட்டன. தோல்விகளை அறிக்கை மறைக்கவில்லை. நைட்ரஜனைக் குறைத்தால் பாசியில் எண்ணெய் விழுக்காடு கூடுகிறது. ஆனால் வளர்ச்சி குன்றுவதால் மொத்த எண்ணெய் கூடுவதில்லை என்பதை வெளிப்படையாகக் கூறுகிறது. ஆய்வகத்தில் தேர்ந்த பாசிகளைவிட அந்தந்த இடத்தில் தானாக வளரும் பாசியே திறந்த குளத்தில் நிலைக்கும் என்ற பாடமும் பயனுள்ளது.

ஒளியும் வெப்பநிலையும்

குளத்தின் மேற்பரப்பிலுள்ள பாசிக்குத் தேவைக்கு மிஞ்சிய ஒளி கிடைக்கிறது. கீழே உள்ளது மேலுள்ளதன் நிழலில் தவிக்கிறது. எனவே வெயில் இரட்டிப்பானால் விளைச்சலும் இரட்டிப்பாகாது. பொதுவாக, மிகுந்த ஒளியில் பாசி சேமிப்புக் கொழுப்பைக் கூட்டுகிறது; குறைந்த ஒளியில் சவ்வுக் கொழுப்பின் பங்கு உயர்கிறது.

குளிரில் உயிரணுச் சவ்வு இறுகாமலிருக்கப் பாசி நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களை அதிகமாக உருவாக்குகிறது. வெப்பத்தில் நிறைவுற்றவை கூடுகின்றன. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைய, நல்லெண்ணெய் உறையாதிருப்பதற்கும் இந்த வேறுபாடே காரணம். நிறைவுற்றவை மிகுந்த டீசல் குளிரில் உறையும். நிறைவுறாதவை மிகுந்தது விரைவில் ஆக்சிஜனேற்றமடைந்து கெடும். ஆகவே பருவம் மாறினால் எண்ணெயின் அளவோடு தன்மையும் மாறும்.

ராஸ்வெல் சோதனை

நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் நகரில் 1,000 சதுர மீட்டர் குளங்களில் நடந்த சோதனையில், சில நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் பாசி வரை கிடைத்தது. அந்த விளைச்சல் நீடிக்கவில்லை. குறைந்த வெப்பநிலையே தடை என்று அறிக்கை கூறுகிறது. வெயில் மிகுந்த பாலைநிலம் என்றாலும், ஆழமற்ற குளம் இரவில் விரைவாகக் குளிர்ந்துவிடும்.

குறை

2,00,000 ஹெக்டேர் நிலத்தில் ஒரு குவாட் ஆற்றல் தரும் எரிபொருளைப் பெறலாம் என்கிறது அறிக்கையின் சுருக்கவுரை. ஒரு குவாட் என்பது ஏறத்தாழ 105.5 கோடி கிகாஜூல். ஒரு டன் எண்ணெய் சுமார் 38 கிகாஜூல் தரும் எனக் கொண்டால், ஏறத்தாழ 2.8 கோடி டன் எண்ணெய் வேண்டும். அதாவது, ஒவ்வொரு சதுர மீட்டரும் ஆண்டு முழுவதும் நாள்தோறும் சுமார் 38 கிராம் எண்ணெய் தர வேண்டும். ராஸ்வெல்லின் மிகச் சிறந்த நாளில் கிடைத்த 50 கிராம் பாசியில் பாதி எண்ணெய் எனக் கொண்டாலும் 25 கிராமே வரும். குளிர்கால நாட்களைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும்.

மதிப்பீடு

அறிக்கையின் உட்பகுதி தரும் எச்சரிக்கையைச் சுருக்கவுரை கணக்கில் கொள்ளவில்லை. சுருக்கவுரையை மட்டும் படிப்பவர் நிலமும் வெயிலும் இருந்தால் போதும் என்று கருதக்கூடும். மாணவர்கள் குளச் சோதனைப் பகுதியையும் சேர்த்துப் படிப்பது அவசியம். பாசி எண்ணெய் பற்றிய எந்தக் கூற்றிலும், அந்த விளைச்சல் எந்த ஒளியில், எந்த வெப்பநிலையில், எத்தனை நாட்கள் நீடித்தது என்று முதலில் கேட்க வேண்டும்.