துயரத்தில் நன்றி: யார் சொல்வது, யார் சொல்லச் சொல்வது?

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஐலன்பர்க் என்றொரு சிறு நகரம். முப்பதாண்டுப் போரின்போது அதற்கு மதில் இருந்த காரணத்தால் சுற்றுப்புறத்து மக்களெல்லாம் அடைக்கலம் தேடி உள்ளே வந்து அடைந்தார்கள். நெரிசலைத் தொடர்ந்து பஞ்சமும் நோயும் வந்தன. 1637-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டதாகச் சொல்வார்கள். மற்ற போதகர்கள் இறந்தோ விலகியோ போக, மார்ட்டின் ரிங்கார்ட் தனியாளாக நின்றார். அவர் அடக்கம் செய்தவர்கள் 4,000-க்கும் மேல். சில நாள்களில் ஒரே நாளில் நாற்பது, ஐம்பது பேர். அதே ஆண்டு மே மாதம் அவருடைய மனைவியும் இறந்தார். புரொட்டஸ்டண்ட் உலகம் அதிகம் பாடியிருக்கும் நன்றிப் பாடல்களில் ஒன்றான 'நூன் டாங்கெட் அல்லே கோட்' (இப்போது எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்) இந்த ரிங்கார்ட் எழுதியதுதான்.

அடக்க ஆராதனைகளுக்கு நடுவே இதை எழுதினார் என்று பிரசங்கங்களில் உருக்கமாகச் சொல்வதுண்டு. காலக்கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. கொள்ளைநோய்க்கு முன்பே, 1636-இல், பாடல் அச்சேறிவிட்டது என்பது பாடல் வரலாற்றாளர் பலரின் கருத்து. சீராக் ஆகமத்தின் 50-ஆம் அதிகாரத்தை ஒட்டி, வீட்டார் சாப்பிட்டு எழும்போது சொல்வதற்கென்று எழுதிய சிறு மன்றாட்டு அது. யோகான் குரூகரின் மெட்டோடு 1647-இல் வெளிவந்த பிறகு பரவலாயிற்று. எனக்குப் பிரசங்கக் கதையைவிட இந்த உண்மை பெரிதாகப் படுகிறது. போர் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் ஒரு வீட்டில் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லும் வழக்கம் விடுபடவில்லை. துயரம் வந்து அந்த நன்றியை உண்டாக்கவில்லை. முன்பே பழகியிருந்த நன்றியின் மேல்தான் துயரம் வந்து விழுந்தது.

பாடலின் பின்கதை இன்னும் சிக்கலானது. 1757 டிசம்பரில் லாய்தன் போர்க்களத்தில் ஆஸ்திரியப் படையை வென்ற பிரஷ்ய வீரர்கள், பிணங்களுக்கு நடுவே நின்று இதைப் பாடினார்கள் என்பது புகழ்பெற்ற செய்தி. அன்றுமுதல் அது வெற்றிப் பாட்டாகவும் ஆனது. 1955-இல் சோவியத் முகாம்களிலிருந்து கடைசிப் போர்க்கைதிகள் ஃபிரீட்லாண்ட் முகாமுக்குத் திரும்பியபோது மறுபடியும் அதே பாடல். அங்கே காத்திருந்த கூட்டத்தில், காணாமல்போன மகனின் படத்தையும் பெயரையும் தூக்கிப் பிடித்தபடி நின்ற தாய்மாரும் இருந்தார்கள். மகன் வரவில்லை. அவர்கள் பாடினால் அதன் பொருள் வேறு. அவர்களைப் பாடச் சொன்னால் அதன் பொருள் முற்றிலும் வேறு.

துன்பத்தில் நன்றி சொல்வதைப் பற்றிக் கிறிஸ்தவம் எழுதிக் குவித்திருப்பதை இந்த ஒரு கேள்வியோடு படித்தால், ஒன்றுபோல் தெரிகிற எழுத்துகள் இரண்டாகப் பிரிந்துவிடும். நன்றி சொல்கிறவர் அடிபட்டவரா, பக்கத்தில் நிற்கிறவரா?

யோபுவின் புத்தகமே இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த அன்று யோபு கர்த்தரின் நாமத்தைப் போற்றுகிறான். அந்த வசனத்தை நாம் அடக்க வீடுகளில் விடாமல் கேட்கிறோம். அதற்குப் பிறகு பல அதிகாரங்களுக்கு நீளும் முறையீட்டையும், பிறந்த நாளையே அவன் சபிப்பதையும் யாரும் அங்கே வாசிப்பதில்லை. ஏழு நாள் வாய் திறக்காமல் அருகில் உட்கார்ந்திருந்த நண்பர்கள், வாய் திறந்ததும் கடவுளுக்காக வாதாடத் தொடங்குகிறார்கள். முடிவில் கடவுள் கோபிப்பது அந்த வக்கீல்களின் மேல். சரியாகப் பேசினான் என்று அவர் சொல்வது முறையிட்ட யோபுவைப் பற்றி.

சங்கீதங்கள் 150-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். பெரும்பாலானவை கண்ணீரில் தொடங்கி நன்றியில் முடியும். 88-ஆம் சங்கீதம் மட்டும் இருளிலேயே முடிகிறது. யாரும் அதற்கு ஒரு நல்ல முடிவை ஒட்டவைக்கவில்லை. ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, மாட்டுத்தொழுவம் எல்லாம் போனாலும் மகிழ்வேன் என்று வரும் பகுதி தமிழ்ச் சபைகளில் பாட்டாகவும் சுவர்க் காலண்டராகவும் இருக்கிறது. மூன்றே அதிகாரமுள்ள புத்தகத்தின் கடைசிப் பகுதி அது. முதல் அதிகாரம், எத்தனை காலம் கூப்பிட்டும் நீர் கேட்கவில்லையே என்ற சண்டை. சண்டையைக் கிழித்துவிட்டுப் பாட்டை மட்டும் மாட்டிவைத்திருக்கிறோம்.

லேவியராகமம் 7-ஆம் அதிகாரத்தில் ஸ்தோத்திர பலிக்கு ஒரு விதி உண்டு. பலியின் இறைச்சியை அன்றே தின்றுவிட வேண்டும், விடியும்வரை எதையும் வைக்கக் கூடாது. ஒரு வீட்டாரால் அது தீராது. நாலு பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். நன்றி என்பது அங்கே மனத்துக்குள் நடக்கும் காரியமன்று, பந்தி. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளின் அசனப் பண்டிகையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பவுலிடம் வரும்போதுதான் கட்டளை பிறக்கிறது. எல்லா நிலையிலும் நன்றி சொல்லுங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். எல்லாவற்றுக்காகவும் சொல்லுங்கள் என்பதாக எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் வருகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் பின்னால் வந்த விவாதம் முழுவதும் நடக்கிறது. ஆனால் கட்டளை இடுகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பிலிப்பியில் அடிவாங்கி, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில், நடுராத்திரியில் சீலாவோடு சேர்ந்து பாடியவர். பிழைப்போம் என்ற நம்பிக்கையே ஆசியாவில் அற்றுப்போனதைக் கொரிந்தியருக்கு ஒளிக்காமல் எழுதியவர். உடம்பில் குத்திய முள்ளை எடுக்கும்படி மூன்று முறை வேண்டியும் கிடைக்காதவர். தழும்போடு வந்த கட்டளை அது.

சபைப் பிதாக்களில் யோவான் கிறிசோஸ்தோமும் அப்படித்தான். கான்ஸ்டான்டினோப்பிளின் பேராயராக இருந்து, அரசியின் பகையால் 404-இல் நாடு கடத்தப்பட்டு, நோயுற்ற உடம்போடு நடக்கவைக்கப்பட்டு 407 செப்டம்பரில் கொமானாவில் இறந்தார். எல்லாவற்றுக்காகவும் கடவுளுக்கு மகிமை என்ற பொருளில் அவர் கடைசியாகச் சொன்னதை, அவருடைய வரலாற்றை எழுதிய பல்லாடியுஸ் பதிந்திருக்கிறார். நாடுகடத்தலின்போது ஒலிம்பியாஸ் என்ற பெண்மணிக்கு அவர் எழுதிய கடிதங்களில் குளிரும் காய்ச்சலும் வயிற்று நோவும் தனிமையும் நிறைய உண்டு. ஒலிம்பியாசின் மனச்சோர்வை அவர் பாவம் என்று அதட்டி முடிக்கவில்லை. அதைவிடக் கொடிய வேதனை இல்லை என்று ஒப்புக்கொண்டே பேசுகிறார். சோவியத் அடக்குமுறைக் காலத்தில் ரஷ்யத் திருச்சபையில் கைப்படிகளாகப் பரவிய நன்றித் துதி ஒன்று அந்தக் கடைசிச் சொல்லையே தலைப்பாகக் கொண்டது.

20-ஆம் நூற்றாண்டில் அதிகம் வாசிக்கப்பட்ட சாட்சி கோரி டென் பூமின் 'தி ஹைடிங் பிளேஸ்' (1971). நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்துக் கடிகாரக்காரர் குடும்பம். யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்ததற்காக 1944 பிப்ரவரியில் கைதானது. தந்தை பத்து நாளில் இறந்தார். நாஜிகளின் ராவன்ஸ்புரூக் முகாமின் கொட்டடியில் தெள்ளுப்பூச்சிகள் மொய்த்தன. அதற்கும் நன்றி சொல்ல வேண்டும் என்கிறாள் அக்காள் பெட்ஸி. தெள்ளுக்கு நன்றியா என்று கோரி மறுக்கிறாள், பிறகு அரைமனத்தோடு சேர்ந்துகொள்கிறாள். பூச்சிக்குப் பயந்தே காவலர்கள் உள்ளே வரவில்லை, அதனால்தான் வேதம் வாசிக்க முடிந்தது என்பது பின்னால் தெரிகிறது. மேடைகளில் கதை இங்கே கைத்தட்டலோடு முடிந்துவிடும். புத்தகத்தில் முடிவதில்லை. அந்த டிசம்பரில் பெட்ஸி முகாமிலேயே செத்துப்போகிறாள். தெள்ளுக்கான காரணம் தெரிந்தது; பெட்ஸியின் சாவுக்கு அப்படி ஒரு காரணம் சிக்கவில்லை. கோரியின் முதல் மறுப்பையும் மறைக்காமல் எழுதியதால்தான் அந்தப் பக்கம் நம்பும்படி இருக்கிறது.

நாஜிகளால் சிறையிடப்பட்ட ஜெர்மன் இறையியலாளர் தீட்ரிக் போன்ஹோஃபரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஒன்று மட்டும்: 1943 கிறிஸ்துமசுக்குச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், பிரிந்தவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தைக் கடவுள் நிரப்புகிறார் என்பதை அவர் மறுக்கிறார். வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும். நினைவின் வதையை நன்றி மாற்றும் என்பதே அவர் கண்டது.

இந்த வரிசையில் சேராதது 1970-இல் வெளிவந்த மெர்லின் கரோத்தர்ஸின் 'பிரிசன் டு பிரெய்ஸ்'. அமெரிக்க ராணுவப் போதகரான அவர், துன்பத்தின் நடுவில் மட்டுமல்ல, அந்தத் துன்பத்துக்காகவே துதிக்க வேண்டும் என்றார். துதித்தவர்களின் நிலைமை மாறிய கதைகளை அடுக்கினார். லட்சக்கணக்கில் விற்றது. பலரை அது தேற்றியும் இருக்கிறது. ஆனாலும் நன்றி இங்கே ஒரு கருவியாகிவிடுகிறது. பலிக்காவிட்டால் குற்றம் துதித்தவரின் தலையில் விழும். புலம்பலை இழந்த சபை எதை இழக்கிறது என்று பழைய ஏற்பாட்டு அறிஞர் வால்ட்டர் புரூகமன் 1986-இல் எழுதிய கட்டுரை இதற்கு எதிர்முனை: முறையிட இடமில்லாத இடத்தில் நீதி பற்றிய கேள்வியும் செத்துவிடும் என்றார் அவர். நன்றியுணர்வு மனநலத்துக்கு உதவுகிறது என்று எம்மன்ஸும் மெக்கலோவும் 2003-இல் காட்டிய உளவியல் ஆய்வைச் சிலர் இங்கே சாட்சிக்கு இழுக்கிறார்கள். பயனுள்ள ஆய்வுதான். பெட்ஸி செய்தது மனநலப் பயிற்சி அல்ல என்பதால் அதை இங்கே நீட்டவில்லை.

நம் சபைகளுக்கு வருவோம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்கள் யார்? வேலை கிடைத்தவர், குழந்தை பிறந்தவர், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர். ஸ்தோத்திரக் காணிக்கை உறையும் அவர்களிடமிருந்தே வருகிறது. அவர்கள் நன்றி மெய்யானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. கணவனைப் பறிகொடுத்தவளோ பின்வரிசையில் இருக்கிறாள். ஸ்தோத்திரம் சொல்லுங்கம்மா, எல்லாம் நன்மைக்கே என்று அவளிடம் சொல்கிறவர், பெரும்பாலும் அந்த ஆண்டில் எதையும் இழக்காதவர்.

போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற ஆண்டிறுதி ஆராதனையில் வழக்கமான நன்றிச் சங்கீதங்களோடு 88-ஆம் சங்கீதத்தையும் முழுதாக வாசியுங்கள். ஜெபம் கேட்கப்படாதவர்களுக்கும் சாட்சி நேரத்தில் இடம் கொடுங்கள். அவர்கள் நன்றி சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் சொல்லச் சொல்லாதீர்கள்.